வாசலில் ஒரு பள்ளம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
5 ஜூலை 2024

அன்புத் தங்கை ஜீவிதாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு உன் மாமா சுகம், தறி சுகம், நான் பாதி சுகம். மீதிப் பாதியை ஆஸ்பத்திரியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீயும் மாப்பிள்ளை பிரேம்நாத்தும் எப்படி இருக்கிறீர்கள்? ஓசூர்க் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வைகாசி கருட சேவையில் எனக்கு நடந்ததைப் போனில் அழுதுகொண்டே சொன்னேன், உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். வரதர் கருடன் மேல் வந்துகொண்டிருக்கிறார், முன்னும் பின்னும் ஜனம். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, கை மரத்தது, மூச்சு முட்டியது. சாகப்போகிறேன் என்றே நினைத்துவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று வேப்பிலை தேட ஓடினார்கள். பெருமாள் உற்சவத்தில் அம்மன் எப்படி வருவாள் என்று ஒரு பெரியவர் சண்டைக்கு நின்றார். ஒரு அம்மாள் என் காதருகே குனிந்து, தன் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன், எனக்கு எங்கே தெரியும்?

இதயத்தில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அன்று முதல் வாசலைத் தாண்டினால் அதே படபடப்பு. வாலாஜாபாத் கல்யாணத்துக்குப் போகவில்லை. எதிர்க்கடைக்கும் போகவில்லை. பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசி அக்காதான் என்னை ஆட்டோவில் அள்ளிப்போட்டு, ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் கொடுக்கும் ஷாரோன் மேடத்திடம் கொண்டுபோனார். அவர் மருமகள் பிள்ளை பெற்றபின் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தபோது அங்கே போய்த்தான் தேறினாளாம்.

ஷாரோன் மேடம் முதலில் காபியில் கை வைத்தார். இனி காலையில் ஒரு டம்ளர்தான். அடுத்து போனில் கை வைத்தார். நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் உன்னைக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணும் ஆகாது இல்லடி?" என்று கேட்கிறேன் அல்லவா? "அது சொறிஞ்சிக்கிற மாதிரிம்மா. சொறிய சொறிய அரிக்கும்" என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன். மற்ற நாளில் மனசில் இருப்பதைக் கடிதமாக எழுத வேண்டும். இதுதான் வீட்டுப்பாடம்.

உன் மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "பேசறதுக்கு ஆஸ்பத்திரியா? வீட்ல நான் இருக்கறேனே" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான். மற்றதற்கெல்லாம் "ம்". அவரிடம் பேசுவதைவிடத் தறியிடம் பேசலாம், அதாவது டக் டக்கென்று பதில் சொல்லும்.

ஒன்றுதான் என்னை அரிக்கிறது. அம்மா போன பிறகு உனக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். அந்தப் பிறந்த வீடு வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது. உனக்கு ஒன்று என்றால் நான் எப்படிடி வந்து நிற்பேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
துளசி


ஓசூர்,
14 ஜூலை 2024

என் அருமை அக்காவுக்கு,

ஜீவி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் பாதி சுகம் சீக்கிரம் முழுசாக வேண்டும்.

கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் பிரேம் பயந்து எழுந்து வந்தார். அந்த அம்மாளின் பெண்ணுக்கு நல்ல இடம் அமையும் என்று ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே, உனக்கென்ன நஷ்டம்?

மாமாவை ஒருமுறை ஷாரோன் மேடத்திடம் கூடவே அழைத்துப்போ. அவர் பேச வேண்டாம், உட்கார்ந்து கேட்டால் போதும். கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

காபியை நினைத்து அழாதே. உனக்குத் துணையாக நானும் விட்டுவிட்டேன். இங்கே ரோஜாப் பண்ணையில் பூக்கட்டும் கொட்டகையிலிருந்து என்னை ஆபீசுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அந்த வாசனை இப்போது ஒத்துக்கொள்ளவில்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. உன் கை நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் நிறைய அனுப்பு. நிறைய என்றால் நிறைய.

பிரியமுள்ள,
ஜீவி


பிள்ளையார்பாளையம்,
30 ஜூலை 2024

அன்பு ஜீவிக்கு,

எல்லோரும் சௌக்கியம். ஊறுகாய் பார்சல் வந்து சேர்ந்ததா? அங்கே தூக்கமெல்லாம் சரியாக வருகிறதா?

நீ சொன்னபடி உன் மாமாவை அழைத்துப்போனேன். ஸ்டூலில் ஸ்டூல் மாதிரியே உட்கார்ந்திருந்தார். ஷாரோன் மேடம் புது வீட்டுப்பாடம் கொடுத்தார். வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நிற்க வேண்டுமாம். பழகப் பழக இன்னும் கொஞ்சம் தள்ளி. நெஞ்சு அடித்தால் வீட்டுக்கு ஓடி வரக்கூடாது, அது தானாக அடங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். "அடங்கும்மா. அடங்காம இருந்ததே இல்ல. நீங்கதான் ஒரு தடவகூட நின்னு பாக்கல" என்றார். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடவும் சொல்லிக்கொடுத்தார். மூச்சு விடுகிறேன், தெருவுக்கெல்லாம் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது ஆட்டோவில் உன் மாமாவிடம், "கேட்டீங்களா அநியாயத்த?" என்றேன். "ம்" என்றார்.

அடுத்த வாரம் தறிக்குப் புதுப் பாவு நூல் வந்தது. விடியலில் தெருவில் நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்ட வேண்டும், உனக்குத் தெரியாததா? எழுந்து பார்த்தால் நம் வாசலுக்கு எதிரே யாரோ பள்ளம் தோண்டிச் சாக்கைப் போட்டு மூடியிருக்கிறார்கள். குழாய் வேலையாம். தோண்டினவன் மூட வேண்டாமா? பாவைக் கட்ட இடமில்லை. உன் மாமா இரண்டு வீடு தள்ளிக் கட்டினார்.

நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இழை முடிவது எப்போதும் என் கைவேலை, அவருக்குக் கிட்டப்பார்வை சரியில்லை. அவர் பாட்டுக்கு ஒரு இழையைப் பிடித்து இன்னொன்றோடு முடிகிறார். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "கைய எடுங்க, நாசம் பண்ணாதீங்க" என்று கத்திக்கொண்டே போய் அத்தனையையும் பிரித்து முடிந்தேன். திரும்பி வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது, நான் வெளியே போய் வந்திருக்கிறேன். அப்புறம் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
துளசி


ஓசூர்,
18 ஆகஸ்ட் 2024

என் அக்காவுக்கு,

ஜீவியின் அன்பு முத்தங்கள். நலமாக இருக்கிறேன். ஊறுகாய் வந்தது, தீர்ந்தும் போனது. பிரேமுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.

பதில் எழுதத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. கொஞ்சம் அசதி. மத்தியானம் ஆபீசிலேயே கண் சொக்குகிறது. லீவு போட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம், பயப்பட ஒன்றும் இல்லை.

அந்தப் பள்ளம் இன்னும் அப்படியே இருக்கட்டும், அக்கா. யாரிடமும் புகார் கொடுத்துவிடாதே.

பிரியமுள்ள,
ஜீவி


பிள்ளையார்பாளையம்,
2 செப்டம்பர் 2024

அன்பு ஜீவிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

போன வாரம் நம் தெருக் கலியாணசுந்தரம் வீட்டுப் பாவு. இழை முடியக் கை கொடு என்று கூப்பிட்டார்கள். பள்ளம் மூடியாயிற்று, நம் வாசலிலேயே கட்டலாம் என்றேன். ஆனால் எங்கிருந்துதான் வந்தனவோ, நம் வேப்பமரத்தில் இந்த ஊர்க் காக்கா எல்லாம் உட்கார்ந்திருந்தன. பட்டு மேல் எச்சம் விழுந்தால் யார் பதில் சொல்வது? தெருக்கோடிப் பிள்ளையார் கோயில்வரை போய்க் கட்டிவிட்டார்கள். அடுத்தவர் வீட்டுப் பாவு, வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மங்கையர்க்கரசி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

பாதி வேலையில் அது வந்தது, ஜீவி. நெஞ்சு, கை, மூச்சு எல்லாம் கருட சேவையில் வந்த மாதிரியே. ஓடிவிடலாம் என்று திரும்பினேன். ஆனால் இரண்டு விரலுக்கு நடுவில் அறுந்த இழை இருக்கிறது. விட்டால் அது உள்ளே ஓடி மற்றதோடு சிக்கிக்கொள்ளும், யாராலும் தேடி எடுக்க முடியாது. சாவதாக இருந்தாலும் முடிந்துவிட்டுத்தான் சாக வேண்டும். நடுங்கிக்கொண்டே முறுக்கினேன். முறுக்கி முடித்து அடுத்த இழையை எடுத்தேன். அதற்கடுத்ததை எடுக்கும்போது பார்க்கிறேன், நெஞ்சு தன்பாட்டுக்கு அமைதியாக இருக்கிறது. ஷாரோன் மேடம் சொன்னது சரிதான். நின்றால் அடங்குகிறது. அந்த வெயிலில் நான் இளித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துக் கலியாணசுந்தரம் மறுபடி சாமி வந்துவிட்டதோ என்று பயந்துபோனார்.

இப்போது உன் விஷயம். காபியை விட்டாய். ரோஜா வாசனை பிடிக்கவில்லை. அசதி என்கிறாய், ஆஸ்பத்திரி என்கிறாய். ஒரு வாரமாக என் மனசு உனக்கு ஒவ்வொரு வியாதியாகக் கொடுத்துப் பார்க்கிறது. மனசுக்குள் கதை கட்டாமல் நேராகக் கேட்டுவிடுங்கள் என்றார் ஷாரோன் மேடம். கேட்கிறேன். உனக்கு என்னடி உடம்புக்கு? எதுவானாலும் தாங்கிக்கொள்வேன், மறைக்காதே.

உன் அக்கா,
துளசி


ஓசூர்,
9 செப்டம்பர் 2024

என் மக்கு அக்காவுக்கு,

வியாதிதான். தை மாதக் கடைசியில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். மூன்று கிலோ எடை இருக்குமாம், மொட்டைத் தலையோ சுருட்டை முடியோ தெரியாது.

ஆமாம் அக்கா. ஐந்தாவது மாதம் நடக்கிறது. ஊறுகாயை அந்த அளவுக்குக் கேட்டும் உனக்குப் புரியவில்லையே! போன முறை தங்காமல் போனதால் இந்த முறை வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. இப்போது எல்லாம் நன்றாக இருக்கிறது, உள்ளே நீச்சல் நடக்கிறது.

உன்னிடம் மறைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பிறந்த வீட்டிலிருந்து வந்து அழைத்துப்போக வேண்டும். உன்னிடம் சொன்னால், போக முடியாதே என்று நீ உருகிப்போவாய். நவம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். நீ வர முடியாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பிரேமே காரில் கொண்டுவந்து விடுவார். மாமியாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் நீ கேட்காமலே உண்மையைச் சொல்கிறேன். முதல் வளையலை நீ போட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆசைதான், கட்டாயம் இல்லை.

பிரியமுள்ள,
ஜீவியும் இன்னொரு ஆளும்


பிள்ளையார்பாளையம்,
20 செப்டம்பர் 2024

என் தங்கமே,

உனக்கும் உள்ளே நீந்துகிற ஆளுக்கும் அக்காவின் ஆசை முத்தம். வேளைக்குச் சாப்பிடு. பப்பாளிப் பக்கம் போகாதே.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மங்கையர்க்கரசி அக்கா பாயசமே வைத்துவிட்டார். உன் மாமாவிடம் சொன்னேன். "ம்" என்று தறியில் நாடாவை ஓட்டினார். சாயங்காலம் பார்த்தால் ஒரு சாண் நெய்ததில் புடவைக் கரையின் கொடியில் பூ இருக்க வேண்டிய இடத்தில் பூ இல்லை. அத்தனையையும் பிரித்தார். பிரிக்கும்போது சிரித்துக்கொண்டே பிரித்தார்.

நான் வருவேன், ஜீவி. வளையல் போட்டு, என் கையால் உன்னை அழைத்துக்கொண்டு வருவேன். இப்போதெல்லாம் தெரு முழுக்க என்னைத்தான் பாவுக்குக் கூப்பிடுகிறார்கள். இன்று பஸ் போகிற மெயின் ரோடு முனையில் கட்டினார்கள். எதற்கு அவ்வளவு தூரம் என்று உன் மாமாவிடம் சண்டை போட்டேன், அங்கேதான் காற்று நன்றாக வருகிறதாம். பஸ் எல்லாம் உறுமிக்கொண்டு போகிறது, நான் பாட்டுக்கு முடிந்துகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கம்.

உன் அக்கா,
துளசி


ஓசூர்,
27 அக்டோபர் 2024

அன்பு அக்காவுக்கு,

நான் நலம், உள்ளே இருக்கிற ஆள் என்னைவிட நலம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் போனிலும் மழை பெய்கிறது என்கிறாய், வைத்துவிடுகிறாய்.

மாமா எப்படி இருக்கிறார்? தெருவில் பாவு போடுகிறார்களா? நீ எதையும் எழுத வேண்டாம் என்றால் வெறும் கார்டில் "இருக்கிறேன்" என்று ஒரு வரி போடு. வளைகாப்பைப் பற்றி நினைக்காதே. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

பிரியமுள்ள,
ஜீவி


பிள்ளையார்பாளையம்,
9 நவம்பர் 2024

அன்பு ஜீவிக்கு,

இருக்கிறேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையில் தெருவில் யார் பாவு போடுவார்கள்? போடவில்லை என்றதும் எனக்கு வெளியே வேலை இல்லை. சும்மா ஒருநாள் கடைக்குப் போகலாம் என்று வாசலில் கால் வைத்தேன். பழைய படபடப்பு வந்துவிட்டது. உள்ளே வந்து கதவைச் சாத்தியவள்தான். கையில் இழை இருந்தால்தான் எனக்குக் கால் வரும் போலிருக்கிறது, ஓசூர் பஸ்ஸில் பாவு நீட்ட முடியுமா? வருவேன் என்று உன்னிடம் பெரிதாகச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு எழுதுவது? அதனால்தான் எழுதவில்லை.

ஷாரோன் மேடத்திடம் போனில் அழுதேன். "சறுக்கினா முதல்ல இருந்து இல்லம்மா, விட்ட எடத்துல இருந்து" என்றார். விட்ட இடமே தெரியவில்லை என்றேன்.

தீபாவளி கழிந்து மங்கையர்க்கரசி அக்கா வந்தார். நான் மூலையில் கிடப்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாமா இப்படி சுருண்டுக்கினு கெடக்கற? ஒன்ன வெளிய இழுக்க அந்த மனுஷன் பட்ட பாடு தெரியுமா? வாசல்ல பள்ளம் தோண்டினதே ஒன் வூட்டுக்காரர்தான்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கமாகச் சொன்னார். ஷாரோன் மேடத்திடம் போய் வந்த மறுவாரம் உன் மாமா கடப்பாரை எடுத்து நம் வாசலில் தானே பள்ளம் தோண்டியிருக்கிறார். மாநகராட்சி ஆள் வந்து ஏன் தெருவைத் தோண்டினாய் என்று கேட்டதற்கு "ம்" என்றாராம். காக்காய்களும் தாமாக வரவில்லை. விடிவதற்கு முன் வேப்பமரத்தடியில் சோற்றை இறைத்ததும் அவர்தான். அப்புறம் வீடு வீடாகப் போய், உங்கள் பாவை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள், துளசியைக் கூப்பிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வாயைத் திறந்து வீடு வீடாகப் பேசியிருக்கிறார், ஜீவி! நானோ ஒன்றும் தெரியாமல் அவரைத் திட்டி உனக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

முதலில் ஆத்திரம் வந்தது. தெருவே சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டது என்று. அப்புறம் அவர் கடப்பாரையோடு நின்று மாநகராட்சி ஆளிடம் "ம்" சொன்னதை நினைத்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நானும் அக்காவும் சிரித்த சிரிப்பில் தறி நின்றுவிட்டது. "இன்னா?" என்று உள்ளே இருந்து கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அத்தனை தூரமும் நான்தானே நடந்தேன்? பள்ளம் அவருடையது, கால் என்னுடையது. இந்தக் கடிதத்தை எப்போதும் போல் அவரிடம் கொடுத்து அனுப்பப்போவதில்லை. குடையை எடுத்துக்கொண்டு நானே கிளம்புகிறேன்.

உன் அக்கா,
துளசி

பின்குறிப்பு: தபாலாபீசில் நின்று எழுதுகிறேன். மெயின் ரோட்டில் அது வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கையில் இழை கிடையாது. அடங்கிற்று. 24-ஆம் தேதி யாரும் காரை எடுக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்.


பிள்ளையார்பாளையம்,
23 நவம்பர் 2024, சனிக்கிழமை

ஜீவிதாவுக்கு,

மாமா ஆசீர்வாதம். நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

எனக்குக் கடிதம் எழுத வராது. இதை உன் அக்கா பையில் வளையல் பெட்டிக்கு அடியில் வைக்கிறேன். உன் கைக்குக் கிடைத்தால் அவள் வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம்.

துணைக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "நீங்க வந்தா நீங்க கூட்டிக்கினு போன மாதிரி ஆயிடும். எந்தங்கச்சிய நான் போயி கூட்டிக்கினு வரணும்" என்றாள். ஒரு வாரமாக தினமும் தனியாக பஸ் ஏறி, ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் என்று போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். நேற்று வாலாஜாபாத் வரை போய் வந்தாள். எனக்கு அல்வா வாங்கி வந்தாள்.

பள்ளம் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மங்கையர்க்கரசி அக்காவால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. தெரிந்தது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

அவள் புடவை கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் சிறிது நேரத்தில் பஸ். எனக்குக் காலையிலிருந்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கை வேர்க்கிறது. ஷாரோன் மேடம் அவளுக்குச் சொன்ன மூச்சை நானும் தறியில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். கொஞ்சம் அடங்குகிறது. நீங்கள் வந்ததும் அந்த மேடத்தை நானும் ஒருமுறை பார்க்கலாம் என்றிருக்கிறேன். பேசத்தான்.

அவள் வந்ததும் எனக்கு உடனே ஒரு போன் போடச் சொல். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் என்று சட்டம் பேசுவாள். அந்தச் சட்டம் அவளுக்குத்தான், எனக்கில்லை என்று சொல். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குரு